ஃப்ரீசரில் வைத்த பால்

என்னைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பச்சைப்பிள்ளைக்குக் கெட்ட பாலைக் கொடுத்தவள் என்று சொன்னாள் பாருங்கள், அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சொன்னவள் என் தம்பி குமரேசனின் பெண்டாட்டி இளவரசி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. தம்பிக்கு விழுப்புரத்தில் வேலை. எட்டரைக்கெல்லாம் இரண்டு பேரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடுவார்கள். ஐந்து மாதக் குழந்தை என்னிடம். இளவரசி விடியற்காலையில் தாய்ப்பாலை எடுத்து, சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போவாள். நான் வெந்நீரில் இளக்கிக் கொடுப்பேன். புருஷனோடு ஒத்துவராமல் வந்தவள் நான். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. அதை இளவரசி ஒரு நாளும் மறந்ததில்லை.

தம்பிக்குக் கரண்டுப் பைத்தியம். இரண்டு மாதத்தில் ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட் ஏறிவிடும் என்று ப்ரிட்ஜ், டிவி, கீசர் எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளை பிளக்கை மாட்டினான். எது எவ்வளவு கரண்டு தின்கிறது என்று அவன் போனிலும் அவள் போனிலும் கோடு கோடாகத் தெரியும். சாப்பிடும்போதும் அதைத்தான் பார்ப்பான். என்னிடம் இருப்பது பட்டன் போன்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பகலில் டிவி வேலை செய்யவில்லை. நான் பார்க்கக் கூடாதென்று நிறுத்திவிட்டுப் போகிறான், கஞ்சப்பயல் என்று நினைத்தேன். கேட்பேனா? எனக்கும் ரோஷம் இருக்கிறதே. மத்தியானப் பாலில் ஐஸ் இளகியிருக்கிறது என்று மட்டும் இளவரசியிடம் இரண்டு தடவை சொன்னேன். கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ப்ரிட்ஜுக்குள் பல்பு போய் ஆறு மாதம் ஆகிறது. அது ஓடுகிறதா இல்லையா என்று எனக்கென்ன தெரியும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஃப்ரீசரில் மிச்சமிருந்த பாலை முகர்ந்து பார்த்த இளவரசி, போனை எடுத்துத் தேய்த்தாள். காலையிலிருந்து மாலைவரை ப்ரிட்ஜின் கோடு தரையில் கிடந்தது. மூன்று நாளும் அப்படியேதான். பகலில் வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

"வேணும்னே ஆஃப் பண்ணிக்கினு இருந்திருக்கீங்க அண்ணி. நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பொறுக்கல."

கூடப் பிறந்தவனாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். திறந்தான். கொஞ்ச நாள் வேறெங்காவது போய் இரு என்றான்.

போகிறேன், அதற்கு முன்னால் நான் எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று அந்தப் போனில் காட்டு என்றேன். விரலால் தள்ளிக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். முகம் செத்துப்போயிற்று. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தினமும் எட்டு நாற்பதுக்கு ஒரே வரி: வீட்டில் யாரும் இல்லை, சிக்கன முறை தொடங்கியது.

அவன்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செட் பண்ணி வைத்திருக்கிறான். இரண்டு போனும் வீட்டைத் தாண்டினால் வீடு காலி என்று அர்த்தம். ப்ரிட்ஜையும் டிவியையும் அதுவே அணைத்துவிடும். அவர்கள் திரும்பி வந்ததும் அதுவே போட்டுவிடும்.

"உங்கிட்ட பட்டன் போன்தானே இருக்குது. அதான் உன்னை அது சேத்துக்கலக்கா."

அது சேர்த்துக்கொள்ளவில்லையாம். சொல்லும்போது வெட்கம்கூட இல்லை அவனுக்கு. இளவரசி குனிந்த தலை நிமிராமல் குழந்தைக்குத் துணி மாற்றினாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ராத்திரிச் சோற்றை மட்டும் வழக்கத்துக்கு விரோதமாக எனக்கு முதலில் போட்டாள். நான் தொடவில்லை.

இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். குழந்தைக்குக் குணமாயிற்று. சனிக்கிழமை எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு, எதுவுமே நடக்காத மாதிரி குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

"வீட்ல யாரும் இல்லன்னு உங்க போனு சொல்லுதே. அப்புறம் புள்ளைய யாரு கையில குடுக்கிற?"

தம்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பஸ் நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்று இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை; இரண்டு போனும் வீட்டிலேயே கிடந்தன. ப்ரிட்ஜ் பகல் முழுக்க ஓடியது.