ரொட்டி எந்த உரு?

கைரியா மடுல்கெல்லத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்து மூன்றாவது வாரம். இரண்டாம் வகுப்புக்கு அன்று இருபரிமாணத் தளவுருவும் முப்பரிமாணத் திண்மமும் என்ற பாடம். சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று தானே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தாள்.

"கையால தூக்க ஏலுமென்டா திண்மம். தாள்ல கீறினா தளவுரு."

பால்மா டின்னைத் தூக்கினாள். "உருளை!" என்று கத்தினார்கள். சவர்க்காரப் பெட்டி கனவுரு. அதன்பின் அட்டையில் வெட்டிக்கொண்டு வந்த வட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது வட்டம். தளவுரு."

முன்வாங்கில் இருந்த பாலாம்பிகை கையை உயர்த்தினாள். "டீச்சர், அதத்தான் தூக்கிட்டீங்களே!"

"இது மெல்லிசு. அதுதான்."

"எம்புட்டு மெல்லிசா இருக்கணும்?"

கேட்டதோடு நிற்காமல், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். விரல் தடிப்பில் இருந்தது. பாதி வகுப்பு வட்டம் என்றது, மீதி உருளை என்றது. பக்கத்துப் பிள்ளை தன் ரொட்டியையும் அதன்மேல் அடுக்கியது. இத்தனை ரொட்டி வைத்தால் உருளை, அதற்குக் குறைந்தால் வட்டம் என்று எங்கே கோடு போடுவது?  மணி அடித்ததும் கைரியாவுக்குப் பெரிய நிம்மதி.

வீடு திரும்பும் வத்தேகம பஸ்ஸில் கையிலிருந்த டிக்கெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதையும் தூக்கத்தானே முடிகிறது? வீட்டில் ஆசிரியர் கைநூலைப் புரட்டினாள். 'தளவுருக்களை அட்டையில் வெட்டிக் காட்டுக' என்று அதிலும் இருந்தது. படித்ததெல்லாம் பிழையோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் முன்னறிவிப்பில்லாமல் கணித ஆலோசகர் தியாகராஜா வந்தார். வகுப்பைப் பார்த்துவிட்டு மேசையில் கிடந்த அட்டை முக்கோணத்தை உயர்த்தினார். "இது என்ன பிள்ளை?"

"திண்மம், சேர்," என்றாள் பாலாம்பிகை.

"ஆர் உமக்கு இப்பிடிச் சொல்லித் தந்தது?"

 பாலாம்பிகை கைரியாவைப் பார்த்தாள். பிள்ளைக்கு விளங்கவில்லை என்று கைரியா சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"அவ பிழையாச் செல்லல்ல சேர்," என்றாள் கைரியா. "நான்தான் குழப்பிட்டன். அந்த அட்டைக்கும் தடிப்பு ஈக்கிதே."

தியாகராஜா அட்டையை இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். "ஓம். இருக்குதான்." பிறகு சொன்னார்: "தாளுக்கும் இருக்கு. அப்ப தளவுரு எங்கை கிடக்கு?"

அவர் சோதிக்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று கைரியாவுக்குத் தெரியவில்லை. கை சும்மா இருக்காமல் மேசையை ஒதுக்கப் போய்ப் பால்மா டின்னை எடுத்தாள். மேசையில் கொட்டிக் கிடந்த கரும்பலகைச் சோக்குத் தூளில் டின்னின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது.

"இங்க வாங்க எல்லாரும்! இந்த வட்டத்தத் தூக்குங்க பாப்போம்."

பிள்ளைகள் முண்டியடித்தார்கள். நகத்தால் கிள்ளினார்கள். விரலில் தூள்தான் ஒட்டியது. "வர மாட்டேங்குது டீச்சர்!"

"டின் திண்மம். அதுட அடிப்பக்கத்துட உருதான் வட்டம். அத மட்டும் தனியாத் தூக்க ஏலாது." சொல்லும்போதே அவளுக்கும் அரைகுறையாக விளங்கியது.

தியாகராஜா குனிந்து பார்த்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். அதை வெட்டிவிட்டு வேறொன்று எழுதினார்.

"அப்ப அட்ட என்னா சேர்?" பாலாம்பிகை விடவில்லை. "புத்தகத்துல தளவுருன்னு போட்டிருக்கே. சோதனையில எத எழுதுறது?"

ஆலோசகர் கைரியாவைப் பார்த்தார். கைரியா ஆலோசகரைப் பார்த்தாள்.

"கண்டிக் கல்விப் பணிமனையிலை கேட்டுச் சொல்லுறன், பிள்ளை," என்றார் அவர்.

கண்டியிலிருந்து பதில் வரவேயில்லை. தவணைச் சோதனைத் தாளில் கைரியா அட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் போடவில்லை.