முழங்கை உயரத்தில் ஒரு மேசை

தச்சர் தன் மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கைவரை ஒருமுறை, முழங்கையிலிருந்து கண்வரை ஒருமுறை டேப்பால் அளந்தார். ஊருக்கெல்லாம் மேசை செய்பவர், பெண்டாட்டிக்கு ஏனோதானோ என்று செய்துவிடுவாரா? சன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி காலில்லாத அந்த மேசையைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினார். கால் வைக்கப் பலகை, முதுகு சாயும் நாற்காலி, வயர்கள் தெரியாமலிருக்க ஒரு மறைப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் கண் வைத்தார்கள்.

அவளுக்கோ அந்த நாற்காலியில் பத்து நிமிடம் இருப்புக் கொள்ளவில்லை.

வாஷிங் மெஷின் நிறுவனத்தில் போனில் புகார் கேட்பது அவள் வேலை. குழந்தைக்கு ஏழு மாதம். தாய்ப்பால் தவிர வேறெதையும் வாயில் வாங்காது. பகலில் நாத்தனார் வந்து தூக்கிவைத்துக்கொள்வாள் என்றாலும் இரண்டு மணிக்கொரு தரம் அம்மா வேண்டும். அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு வாங்கியிருந்தாள். அலுவலகத்தில் அழைப்புக்கு ஆறு நிமிடம் என்றிருந்த சராசரி, வீட்டில் முதல் வாரமே பதினொன்றைத் தொட்டது. மேற்பார்வை அம்மாள் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆறுக்கு வராவிட்டால் திங்கள் முதல் அலுவலகத்துக்கே வந்துவிடச் சொன்னார். அலுவலகம் இரண்டு பஸ் தூரம். அங்கே போவது என்றால் வேலையை விடுவது என்றுதான் அர்த்தம்.

செவ்வாயன்று நாற்காலியை ஏற்றினாள், புதனன்று இறக்கினாள். திரையைத் திருப்பினாள், சன்னலைச் சாத்தினாள், திறந்தாள். எதிர்முனையில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவளுக்கு அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. கேட்டதையே கேட்டு இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இதையெல்லாம் பார்த்த தச்சர், உயரத்தில் நூலிழை பிசகியிருக்குமோ என்று அவளை மறுபடி உட்காரவைத்து அளந்தார். பிசகவில்லை.

வியாழக்கிழமை நாத்தனார் வரத் தாமதம். பால் குடித்துத் தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே விட மனமில்லாமல் அப்படியே அழைப்பை எடுத்தாள். மெஷின் ஆடுகிறது என்று ஒருவர் கொதித்தார். இவள் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே, எந்தக் கால் தரையில் படவில்லை, தரை சமமா என்று வரிசையாகக் கேட்டாள். ஐந்தே நிமிடத்தில் மனிதர் நன்றி சொல்லி வைத்தார். அடுத்ததும் ஐந்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அலுவலகத்தில் நீள வயர் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூணுக்கும் சன்னலுக்குமாக எட்டு வருஷம் நடந்தேதான் பேசியிருக்கிறாள். நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. அங்கே அவள் வேலை செய்து தச்சர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கேட்கவுமில்லை, இவளுக்குத் தோன்றவுமில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாள்.

"ஏங்க, மேசையைக் கழட்டி நெஞ்சு உயரத்துக்கு மாட்டணும். நின்னு நடந்தாத்தான் எனக்குப் பேச்சு வருது."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "உக்கார வச்சு ரெண்டு தடவை அளந்தேனே, அப்ப வாயில என்ன வச்சிருந்த?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்ப அந்த நாற்காலி?"

"உங்க தங்கச்சி புள்ளைய வச்சுக்கிட்டு உக்காரட்டும். அவளுக்குத்தான் முதுகு வலி."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். கை கழுவிய ஈரத்தோடு டேப்பை எடுத்துவந்து, "நில்லு. செருப்போடவா, வெறுங்காலோடவா?" என்றார். வெறுங்கால் என்றாள். அரை மணி நேரத்தில் சுவரில் நான்கு பழைய ஓட்டைகள் தெரிய, மேசை மேலே ஏறியிருந்தது.

வெள்ளி மாலை மேற்பார்வை அம்மாள் அழைத்தார். இரண்டு நாள் கணக்கும் ஆறுக்குள் இருப்பதால் வீட்டிலேயே தொடரலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உன் ரெக்கார்டிங்ல பின்னாடி தொம் தொம்னு ஒரு சத்தம். வீட்ல வேலை ஏதும் நடக்குதாம்மா?"

"இல்ல மேடம். அது நான் நடக்கறது."

கதவுவரை போய்த் திரும்பினாள்.

"பஞ்சு வச்ச செருப்பு ஒண்ணு வாங்கிப் போட்டுக்க" என்று சொல்லி மேற்பார்வை அம்மாள் போனை வைத்தார்.