அழவிடக் கூடாத பிள்ளை

அந்த வீட்டில் அழுகைக்குத் தடை. அழுதால் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்து மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் உதட்டைப் பிதுக்குவதற்குள் யாராவது ஓடிப்போய்த் தூக்கிவிடுவார்கள். அழைப்பு மணியின் ஒயரைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மகாராணிக்கே இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

அப்பாவுக்குக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. நிறத்தில் அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. பிறந்ததிலிருந்து மகளின் உதட்டில் எத்தனை நீலம் உண்டோ அத்தனையும் பார்த்தவர்.

இதய ஆபரேஷன் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, நெஞ்சுத் தையல் பத்திரம் என்று ஆயிரம் எச்சரிக்கை. அன்று மனைவி அவரை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். மனுஷன் பாலைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிவிட்டார். அது ஆறுவதற்குள் பிள்ளை வீறிட்டாள்.

ஓடிவந்து பார்த்தார். நெற்றி, கன்னம், காது எல்லாம் ரத்தச் சிவப்பு. இந்த நிறத்தை அவர் அவளிடம் கண்டதே இல்லை. உள்ளே எதுவோ பிய்ந்து ரத்தம் தலைக்கு ஏறுகிறது என்றே நினைத்தார். தொட்டால் என்னாகுமோ என்று பயம், தொடாவிட்டால் இன்னும் பயம். ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டார். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்தான் எடுத்தாள்.

"சிஸ்டர், பாப்பாவுக்கு நெறம் மாறுது."

"நீலமா?"

"இல்ல, செவப்பு. காது வரைக்கும் செவந்துடுச்சு. உள்ள தையல் விட்டுப்போச்சா?"

நர்ஸ் உதட்டையும் நாக்கையும் பார்க்கச் சொன்னாள். அவையும் நல்ல சிவப்பு. போனுக்குள் பிள்ளையின் கத்தல் காதைப் பிளந்தது.

"சார், அழுதா எல்லாப் பிள்ளைக்கும் மொகம் இப்படித்தான் செவக்கும். நீங்க இப்பத்தான் பாக்குறீங்க. பால் குடுங்க."

ஈரத்தலையோடு ஓடிவந்த மனைவி, அவர் கண்ணீரைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?"

"அழுறா," என்றார். "பசிக்குதாம். வேற ஒண்ணும் இல்ல."

ஆறிய பாலைப் புகட்டும்போதும் அவர் கண் பிள்ளையின் சிவந்த காதிலேயே இருந்தது. பாதி பால் பிள்ளையின் கழுத்தில்தான் வழிந்தது.