ஒரு முடிகூட உதிரவில்லை

"எத்தனை?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள் நிங் ராணி.

"ஒண்ணுகூட இல்லீங்க, எசமானி" என்றாள் ஷியாவ்மான்.

அவளுடைய வலது கைச் சட்டைக்குள் அப்போதே நான்கு முடிகள் இருந்தன. ஐந்தாவது முடி சீப்பின் பல்லைச் சுற்றிக்கொண்டு நின்றது. முடி படிவதற்காக வைத்திருந்த மரச்சீவல் ஊறிய தண்ணீரைத் தொட்டுக்கொள்பவள் போலக் கையைத் தாழ்த்தி, சுண்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டினாள். ஐந்தாவதும் உள்ளே போய்விட்டது. பத்து வருடமாக, தினமும் காலையில், இதே வித்தைதான்.

அந்த அரண்மனையில் ராணிமார் தலையிலிருந்து முடி உதிரக் கூடாது. உதிர்ந்தால் அது சீவியவளின் குற்றம். ஒரு முடிக்கு ஐந்து மூங்கிலடி. முகத்தில் மட்டும் அடிக்க மாட்டார்கள். வீங்கிய முகத்தைப் பார்த்தால் ராணிமாருக்குச் சாப்பாடு இறங்காதே! தலை என்று ஒன்று இருந்தால் முடி உதிரும் என்பது ஒன்பது ராணிமாருக்கும் தெரியும். அவர்களுக்குச் சீவுகிறவர்களுக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது. ஆகவே சீவுகிற பெண்கள் எல்லோரும் சட்டைக்கையின் உட்புறத்தில் ஆளுக்கொரு சின்னப் பை தைத்துக்கொண்டார்கள். அதோடு அரண்மனையில் முடி உதிர்வது நின்றுபோயிற்று.

"உன் கை ராசியான கைடி" என்றாள் நிங் ராணி. "பக்கத்து முற்றத்துக்காரிக்குக் கொத்துக்கொத்தாக் கொட்டுதாம். உனக்கு இருவத்தஞ்சு முடியுது, வெளிய போற வருஷம்னு மோப்பம் புடிச்சுட்டா. பட்டத்தரசி காதைக் கடிச்சு உன்னைத் தன் பக்கம் இழுத்துக்கப் பாக்குறா. நான் விட்டுருவேனா? நாளன்னிக்கி மூடுற, வெளிய போறவங்க பட்டியல்ல உன் பேரு கிடையாது. சாகுற வரைக்கும் நீ எங்கிட்டத்தான்."

பட்டுத்துணி பரிசு கொடுப்பவளைப் போல மலர்ந்த முகத்தோடு சொன்னாள். பரிசு கிடைத்தால் மண்டியிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்பது முறை. ஷியாவ்மானின் முழங்கால் இரண்டும் முறைப்படி தரையில் போய் இடித்தன. "எசமானியோட கருணை" என்றது வாய்.

பெண்ணைப் பதின்மூன்று வயதில் பிடித்துக்கொண்டு போவார்கள். இருபத்தைந்தில் விடுவார்கள். அதுவும் எசமானி "இவள் எனக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இல்லை. ஷியாவ்மானுக்கு ஒன்றும் மாப்பிள்ளைக் கனவு இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வெளியே எவன் ஏறெடுத்துப் பார்க்கப் போகிறான்? அவள் ஆசைப்பட்டதெல்லாம் இரண்டே இரண்டு. ஒன்று, மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும். பணிப்பெண் ஒருக்களித்து, காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். மல்லாந்தால் அதற்கும் அடி. இரண்டாவது, பூண்டு தின்ன வேண்டும். எசமானி மூக்குக்கு ஆகாதென்று பன்னிரண்டு வருடமாக ஒரு பல் பூண்டு அவள் நாக்கில் பட்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா சொல்லுவாள்: "குளிர்காலத்துல காடியில ஊறப்போட்டேன்டி. பச்சைப்பசேல்னு ஆயிருச்சு. உன் பங்கு ஜாடியைத் திறக்கவேயில்ல." அப்படிப் பன்னிரண்டு ஜாடிகள் சேர்ந்துவிட்டன.

நிங் ராணிக்கும் பக்கத்து முற்றத்து யுன் ராணிக்கும் ஐந்து வருடமாகப் பேச்சு கிடையாது. சக்கரவர்த்தி ஒருத்திக்கு என்று அனுப்பிய ஒரு தட்டுக் கொழுக்கட்டை மற்றவள் வாசலுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் காரணம். எந்தக் கொழுக்கட்டை யாருக்கு என்று சக்கரவர்த்திக்கே மறந்து போயிருக்கும். இரண்டு பேரையும் அவர் அழைத்தே மூன்று வருடம் ஆகிறது. ஆனால் எசமானிகளின் பகை பணியாட்களுக்கும் பகை. ஒரு முற்றத்தவர் இன்னொரு முற்றத்தவரை ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது.

பார்க்கவும் மாட்டார்கள், வழியில். இரண்டு முற்றத்துக்கும் சேர்த்து வெந்நீர் அடுப்படி ஒன்றுதான். அங்கே நுழைந்துவிட்டால் ஒரே கிண்ணத்தில் கஞ்சி குடிப்பார்கள்.

"மொத்தமாப் போடாதடி, நாறுது!" என்று அதட்டினார் மா ஐயா. ஒன்பது வயதில் பசிக்காக ஆண்மை அறுக்கப்பட்டு உள்ளே விடப்பட்டவர். நாற்பது வருடமாக அந்த அடுப்புக்கு அதிகாரி. ஒன்பது ராணிமாரின் உதிராத முடி முழுவதையும் எரித்தவர் அவர்தான்.

ஷியாவ்மான் ஐந்து முடிகளையும் தணலில் போட்டுவிட்டு, ராணி சொன்னதைச் சொல்லி அழுதாள்.

யுன் ராணிக்குத் தலை சீவும் லியென்ஷின் வாயில் கையை வைத்துக்கொண்டாள். இருபத்து மூன்று வயது, துடுக்குக்காரி. "எங்க ஆளு உன்னைக் கேக்கவே இல்லியேக்கா! உன் பேருகூட அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துச் சீப்புன்னுதான் சொல்லுவா."

"நான் பையைக் காட்டிடப் போறேன். என் கையில ஒரு ராசியும் இல்ல, இந்தா பாருங்கன்னு."

"காட்டு, காட்டு" என்றார் மா ஐயா. "தினம் அஞ்சு முடி. பத்து வருஷம். முடிக்கு அஞ்சு அடி. நீ வெளிய போவ, கண்டிப்பாப் போவ. பாயில சுருட்டிக் கொண்டுபோவாங்க."

மூவரும் அடுப்பைப் பார்த்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"இருவத்தஞ்சு தாண்டுன கை தலையில பட்டா, முடி நரைக்கும்" என்றார் மா ஐயா திடீரென்று.

"அய்யய்யோ, அப்படியா? யாரு சொன்னா?"

"நான்தான். இப்பத்தான்."

லியென்ஷினுக்குச் சிரிப்பு பீறிட்டது. பல் தெரியச் சிரிப்பதும் குற்றமாகையால் முகத்தை விறகுக்கட்டில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

மா ஐயா அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னார். பூக்கூடை சுமக்கிறவளிடம். "யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் செய்ய வேண்டியது எதுவுமே இருக்கவில்லை. செய்தி பூக்கூடையோடு ஆறு முற்றம் ஏறி இறங்கியது. மத்தியானம் தையல்காரிகளிடம் தங்கியது. வெயில் சாய்வதற்குள் மடைப்பள்ளிக்குப் போய் உப்பும் காரமும் ஏற்றிக்கொண்டு, மாவுருண்டைத் தட்டு கொண்டுவந்த கிழவியின் வாய்வழியாக மா ஐயாவிடமே திரும்பி வந்தது.

"சேதி தெரியுமா? இருபது வயசு தாண்டுன கை தலையில படக் கூடாதாம். முந்தின வம்சத்துலேருந்தே வழக்கமாம். ஒரு ராணிக்கு ஒரே வாரத்துல தலை பஞ்சாப் போச்சாம். ஏட்டுல எழுதியிருக்காம்."

"இருபதா?" என்று வாயைப் பிளந்தார் மா ஐயா. "இருவத்தஞ்சு இல்ல?"

"இருபதுதான். இதுகூடத் தெரியாம நாப்பது வருஷம் இங்க என்னத்தைக் கிழிச்சீங்க?"

மறுநாள் காலை யுன் ராணி கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் தலையைத் தானே துழாவினாள். ஒரு நரைமுடி அகப்பட்டது. அது இரண்டு வருடமாக அங்கேதான் இருந்தது. தேடத்தான் ஆள் இல்லை.

"லியென்ஷின்! உனக்கு வயசென்ன?"

"இருவத்து மூணு, எசமானி."

"வழக்கம் இருபதா, இருவத்தஞ்சா?"

லியென்ஷின் தலையைக் குனிந்துகொண்டாள்.  "இருவத்தஞ்சுன்னும் சொல்றாங்க எசமானி. விவரம் தெரிஞ்சவங்க இருபதுங்கறாங்க."

அன்றைக்கே அவள் பெயர் பட்டியலுக்குப் போய்விட்டது.

செய்தி சுவர் தாண்டி வந்தபோது நிங் ராணி தேநீர்க் கிண்ணத்தை ஓங்கி வைத்தாள். "முந்திக்கிட்டாளா? அவ தலை மட்டும் கறுப்பா இருக்கணும், எனக்கு நரைக்கணுமா? எழுது ஷியாவ்மான் பேரை! இன்னும் யாரு இருக்கா? கௌ அத்தைக்கு என்ன வயசு?"

கௌ அத்தைக்கு நாற்பத்து மூன்று. முன்னொரு காலத்தில் அவளையும் ஒரு எசமானி 'சாகுற வரைக்கும் எங்கிட்டத்தான்' என்று வைத்துக்கொண்டிருந்தாள்; செத்துப்போனது எசமானி. தலை சீவுவதை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. "அவ கையும் ஒரு காலத்துல சீப்புப் புடிச்ச கைதானே? போடு!" என்றாள் ராணி. அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்து, முப்பது வருடமாக உள்ளே வைத்திருந்த சிரிப்பையெல்லாம் பல் தெரியச் சிரித்துவிட்டாள். அவளை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த முற்றத்திலிருந்து இரண்டு பேர் என்றதும் அந்த முற்றத்திலிருந்து மூன்று பேர். அதைக் கேட்ட மற்ற ஏழு ராணிமாரும் தங்களுக்குத்தான் தலை நரைக்கப் போகிறதென்று பதறினார்கள். மறுநாள் நடுப்பகலில் பட்டியல் மூடும்போது பத்தொன்பது பெயர். பட்டியல் எழுதுகிறவன் மை போதாமல் இரண்டு தடவை ஓடினான். வழக்கமாக நான்கு பெயரைத் தாண்டாத பட்டியல் அது.

புறப்படுகிற காலை. ஷியாவ்மான் கடைசியாகச் சீப்பெடுத்தாள். நிங் ராணி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டாள்.

"வெளிய போனதும் முதல்ல என்ன பண்ணுவ?"

"மல்லாந்து படுப்பேன், எசமானி."

"அவ்வளவுதானா?"

"பூண்டும் தின்பேன்."

நிங் ராணி சிரித்தாள். அட்டையில் கட்டிய சிறகுக் கொண்டை ஒரு பக்கமாகச் சரிகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்ன வயசு?" என்றாள்.

"இருவத்தாறு, எசமானி."

"என் பேரை எந்தப் பட்டியல்ல எழுதறது?"

 சீப்பு மட்டும் போய் வந்தது.

"அந்த வழக்கம் எங்கிட்ட மூணு வாயால வந்துச்சு. ஒவ்வொரு வாயிலயும் இன்னும் நூறு வருஷம் பழசாயிருந்துச்சு" என்றாள் ராணி. "நான் என்ன முட்டாளா? ஆனா அவ உன் தோழியை விட்டதுக்கப்புறம் நான் உன்னை விடாம இருந்தா, சண்டையில தோத்தாப்புல ஆயிருமே. விடிஞ்சா அடைஞ்சா அவகூடச் சண்டை போடறதைத் தவிர எனக்கு இங்க வேற என்ன வேலை?"

பின்னால் கையை நீட்டி, ஷியாவ்மானின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். பை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கவில்லை அவளுக்கு.

"இன்னிக்கி எத்தனை?"

 "ஏழுங்க, எசமானி."

"ம். கூடிப்போச்சு." ராணி அந்த ஏழு முடிகளையும் விரலில் சுற்றிக்கொண்டாள். "போ. யாராவது கேட்டா, ஒண்ணுகூட உதிரலன்னே சொல்லு. உதிருதுன்னு தெரிஞ்சா, சக்கரவர்த்தி ராத்திரி யாரைக் கூப்புடறதுன்னு பாக்கற தட்டுலேருந்தே என் பேர்ப்பலகையை எடுத்துருவாங்க."

வடக்கு வாசலில் பத்தொன்பது பேரும் மூட்டையும் முடிச்சுமாக, ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கௌ அத்தை எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். கதவின் மற்றப் பாதி வழியாகப் புதிய பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், பதின்மூன்று வயதுக்காரிகள், வரிசையாக, தலைகுனிந்து. சீவுகிறவர்கள் குறைந்துவிட்டதால் இந்த முறை கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். லியென்ஷின் சட்டென்று தன் சட்டைக்கைப் பையைப் பிய்த்து, வரிசையில் கடைசியாகப் போன பெண்ணின் கையில் திணித்தாள். "உள்பக்கமாத் தைச்சுக்கோடி" என்றாள். 

வீட்டில் அம்மா பன்னிரண்டு ஜாடிகளையும் திறந்து வைத்திருந்தாள். தெருவே மணத்தது. ஷியாவ்மான் முதல் ஜாடியில் பாதியைத் தின்றுவிட்டு, நண்பகல் வெயிலில் சூடேறிய மண்மேடைப் படுக்கையில் கையைக் காலை அகட்டி மல்லாந்து விழுந்தாள். கண்ணை மூடினாள். உடம்பு தானாகவே ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டது. திரும்பவும் மல்லாந்தாள். திரும்பவும் அது மடங்கியது. நாலாவது தடவை எழுந்து உட்கார்ந்து, தன் முழங்காலையே கைநீட்டித் திட்டினாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்குப் பழக நாளாகும்டி. வா, என் தலையையாவது சீவி விடு. ராணிக்குச் சீவுன கை."

அம்மாவின் தலை பாதி நரைத்திருந்தது. முதல் இழுப்பிலேயே மூன்று முடி வந்தது. ஷியாவ்மானின் கை தாழ்ந்தது, சுண்டுவிரல் சுண்டியது, மூன்றும் சட்டைக்குள் போய்விட்டன.

"ஏண்டி, என் முடியை எதுக்குடி திருடுற?" என்றாள் அம்மா.

ஷியாவ்மான் தன் கையையே பார்த்தாள். பிறகு சட்டைக்கையைத் திருப்பி உதறினாள். மூன்று முடிகளும் வெயிலில் மின்னிக்கொண்டு முற்றத்துக் காற்றில் போயின. "மூணும்மா!" என்று கத்தினாள். "மூணு உதிர்ந்துச்சு!" சீவச் சீவ எண்ணிக்கொண்டே போனாள். நாலு. அஞ்சு. பதினொண்ணு. பக்கத்து வீட்டார் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள்.

அரண்மனையில் இன்றுவரை ஒரு முடிகூட உதிரவில்லை.