டேலியாக் கிழங்கில் தங்கைக்குப் பங்கு

நாலு வருடமாகப் பிரித்து நடாததால் டேலியாச் செடிகள் ஒன்றையொன்று நெருக்கி, பூக்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிட்டன. இலை காய்ந்து தண்டு சாயும்வரை பொறுத்திருந்த கிழக் கொத்தனார், அன்று காலை ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் வெட்டி, கிழங்குக் கொத்தை அலுங்காமல் தூக்கினார். புது வீட்டுக்குக் குடிபோன தங்கை பங்கு கேட்டு வந்து நின்றாள்.

"வேணுங்கிறதை நீயே எடுத்துக்கோ," என்றார்.

அவள் கையில் கொடுத்த எந்தச் செடியும் இதுவரை பிழைத்ததில்லை. நல்ல கிழங்கை வீணடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் குண்டு குண்டாக மூன்றைப் பொறுக்கிப் பையில் போட்டாள். மூன்றும் கழுத்து ஒடிந்தவை. தண்டை ஒட்டி இருக்க வேண்டிய முளைக்கண் இல்லாதவை. ஜென்மத்துக்கும் துளிர்க்காது என்று தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"நீ தரமாட்டேன்னு நினைச்சுத்தான் வந்தேன் அண்ணே. வாசல்ல இது பூத்தாத்தான் அது என் வீடு மாதிரி இருக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. முளைக்கண் உள்ள ஒல்லிக் கிழங்குகள் மூன்றை எடுத்து நீட்டினார்.

"அதைக் கீழ போடு. இதுதான் முளைக்கும்."

"பார்த்தியா! பெருசைப் பிடுங்கிக்கிட்டு நோஞ்சானை என் தலையில கட்டுற. உன் புத்தி எங்க போகும்?" என்று பையை இறுக்கிக்கொண்டாள்.

கொத்தனார் மல்லுக்கு நிற்கவில்லை. மூன்றையும் அந்தப் பையிலேயே திணித்தார்.

"ஆறையும் ஒரு முழம் விட்டு நடு. எது முளைக்குதுன்னு பார்த்துட்டு, அப்புறம் வந்து திட்டு."