தட்டான் என்று அக்கா சொன்னது

1

அக்கா பார்த்த விமானத்தை நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் சாப்பாட்டு மேசையில் ஈர விரலால் வரைந்து காட்டியதைத்தான் பார்த்தேன். அதுவும் காய்ந்துபோனது. இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

முன்னால் ஒரு பெரிய கண்ணாடி உருண்டை. அதற்குள் ஓர் ஆள். உருண்டைக்குப் பின்னால் அகலமான வளையம், வளையத்துக்குள் விசிறி. அதற்கும் பின்னால் மெலிந்த வால்.

"இறக்கை ரெண்டு பக்கமும் நீளமா, அசையாம இருந்துச்சு. தலைக்கு மேல சுத்துற எதுவும் இல்ல. சத்தமும் பெருசா இல்லடி" என்றாள்.

அக்கா டவர் கிரேன் ஓட்டுகிறாள். பாதி எழும்பிய ஒரு கட்டடத்துக்கு மேலே, குளியலறை அளவுள்ள கேபினில் அவள் வேலை. அன்று காலை இரும்புக் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தபோது, கிரேனின் கை இருக்கும் உயரத்திலேயே அந்த விமானம் மெதுவாக வந்திருக்கிறது. அக்கா சட்டென்று பிரேக் போட்டாள். வாக்கிடாக்கியில் கத்தினாள்:

"தட்டான்! தட்டான் வருது, எல்லாரும் ஒதுங்குங்க!"

கம்பிக்கட்டு ஊசலாடிப் போய், புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவர் ஒன்றை இடித்துத் தள்ளியது. யாருக்கும் அடியில்லை. கீழே நின்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த விமானம் கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டது. கலவை இயந்திரத்தின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது இடிந்த சுவரும் அந்த ஒரு சொல்லும்தான். கிரேன்காரி ஒரு பூச்சியைப் பார்த்துப் பயந்து கம்பியை ஆட்டிவிட்டாள் என்றாகிவிட்டது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: "விமானம்னு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "பேர் தேடிட்டு உக்காந்திருந்தா கம்பி எவன் தலையிலயாவது இறங்கியிருக்கும். வாயில வந்தது அது" என்றாள்.)

நாளை விசாரணை. அதுவரை அவள் மேலே ஏறக் கூடாது. இல்லாததைப் பார்த்திருக்கிறாள் என்று விசாரிப்பவர்கள் முடிவுசெய்தால், இனி எப்போதும் ஏறக் கூடாது.

2

முதல் தொடக்கம்: வானம் தன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பூமியைப் பார்த்த அந்தக் காலையில்

வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினால் இப்படித்தான் வரும். அந்த நாவல்களில் யார் சன்னலைத் திறந்தாலும் பனி பெய்கிறது. எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய்.

இரண்டாவது: உயரத்தில் தனியாக இருந்த ஒரு பெண்

இதுவும் வேண்டாம். "ஒரு பெண்" என்று எழுதியவுடன் அக்கா எழுந்து போய்விட்டாள். அந்த இடத்தில் யாரோ ஒருத்தி சோகமாக உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடியே:

"வந்தாச்சு பாரு, தட்டானுக்கு வழிவிட்ட மகராசி!"

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் சொன்னது இது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு தொட்டியில் கிடந்த ஒரே ஒரு தம்ளரை வெகுநேரம் கழுவினார். அவருக்குப் பயம் வந்தால் பாத்திரம் கழுவுவார்.

3

அப்படி ஒரு விமானம் உண்டு. தேடிப் பிடித்தேன். தரையைப் பார்ப்பதற்கென்றே செய்த சின்ன விமானம். எண்ணெய்க் குழாய், காட்டுத் தீ, வாகன நெரிசல் இவற்றின் மேல் மெதுவாகப் பறந்து பார்த்துக்கொண்டே போகும். அதனால்தான் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மிகக் கொஞ்சம்தான் செய்தார்களாம். ஒன்று இங்கே எப்படி வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. படமும் கிடைத்தது. படத்தில் வால் இரட்டை. அக்கா மேசையில் வரைந்தது ஒற்றை.

படத்தைக் காட்டினால் அவளுடைய விமானம் போய், படத்தில் இருப்பது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே காட்டவில்லை. [என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதும் இங்கே பதிவாகட்டும்.]

ஆனால் கதையின் முதல் வரைவை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அதில் ஒரு வரி இருந்தது: கண்ணாடிக்குள் இருந்தவன் அவளைப் பார்த்துக் கை தூக்கினான்.

அக்கா இதைச் சொல்லவே இல்லை. நானாகச் சேர்த்தேன். கதையில் ஒருவர் இன்னொருவரைப் பார்க்க வேண்டாமா? இல்லையென்றால் ஒரு விமானம் வந்தது, போனது, அவ்வளவுதான்.

இன்று காலை, மேசையில்:

"ஹெலிகாப்டர்னு சொல்லிட்டு வந்துடு" என்றார் அத்தான். "ஹெலிகாப்டர்னா எவனும் மறுபேச்சு பேச மாட்டான். கண்ணு டெஸ்ட்டு, மூளை டெஸ்ட்டுன்னு இழுக்க மாட்டாங்க."

"அது ஹெலிகாப்டர் இல்லையே."

"ஆமா, தட்டான்."

"நக்கலு? உள்ள இருந்தவன் என்னப் பாத்துக் கையத் தூக்கினான். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். தட்டான் கை தூக்குமா?"

குடித்த தண்ணீர் எனக்குப் புரையேறியது.

நாளை அவள் இதையும் சொல்வாள். முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி, வளையம், வால் எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடுவார்கள்.

4

"அக்கா, அந்தக் கை என்னோடது."

"எந்தக் கை?"

"விமானத்துல தூக்கின கை. கதைக்காகச் சேர்த்தேன். நீ சொல்லவே இல்ல."

அக்கா நாளை போட்டுக்கொள்ளும் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். "போடி. கையுறைகூட ஞாபகம் இருக்கு. பழுப்பு நிறம்."

ஓடிப்போய் வரைவை எடுத்துப் பார்த்தேன். அதில் கையுறை இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் வைத்த கைக்கு அவள் உறை மாட்டியிருக்கிறாளா? அல்லது, தெரியாமலேயே நடந்ததைத்தான் எழுதிவிட்டேனா?

"அப்போ நெஜமாவே தூக்கினானா?" என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"இவ்ளோ நேரம் தெரிஞ்சுது. நீ வந்து சொன்னதும் தெரியல." பிறகு சொன்னாள்: "தூக்கியிருந்தா நல்லாயிருக்கும்டி. நான் எதுக்கு நிறுத்தினேன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான். பாக்கறதுக்குன்னே செஞ்ச விமானம்னு நீதானே எழுதியிருக்க? என்ன மட்டும் பாக்காமலா போயிருப்பான்?"

ஒரு வரியை அடிப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. இந்த வரியை அடித்தால் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி போய்விடும்.

5

முடிவுகள்.

அ. அக்கா "ஹெலிகாப்டர்" என்கிறாள். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மறுநாள் மேலே ஏறுகிறாள். அதன்பிறகு வானத்தைப் பார்க்கும்போதெல்லாம்

ஆ. மேசையில் எனக்கு வரைந்து காட்டியதை மட்டும் சொல்கிறாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்போது அதிகாரி

இ. கையையும் சொல்கிறாள். "கையுறை போட்டிருந்தாரா?" என்று அவர்களே

நிறுத்திவிட்டேன். மூன்றுமே எழுத வரும். மூன்றாவது நன்றாகவே வரும். ஆனால் அக்கா நான் எழுதும் எல்லாவற்றையும் படிப்பவள். படித்தது நடந்ததாகிவிடுகிறது என்பதை இப்போது பார்த்துவிட்டேன். நடக்கப்போவதும் அப்படி ஆகிவிட்டால்?

சற்று முன் கதவருகே வந்து நின்றாள்.

"முடிச்சிட்டியா? நாளைக்கு என்ன சொன்னேன்னு பாத்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கையை நீட்டினாள்.

"முடிவு இல்லக்கா."

"சோம்பேறி. இத எழுதறதுக்கா இவ்ளோ காகிதம்?"

கையை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அ, ஆ, இ மூன்றையும் இந்தப் பிரதியோடு உங்களிடம் தந்துவிடுகிறேன். வீட்டில் வேறு பிரதி கிடையாது. உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் முடித்துக்கொள்ளலாம். சத்தமாக மட்டும் படித்துவிடாதீர்கள். அக்கா பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். சுவர் மெலிது.