அம்மா பக்கத்து பிரேக்

குடை வரமாட்டேங்குது.

அம்மா எறங்கின கதவு தொறந்தபடியே இருக்கு. சுண்டு அது வழியா உள்ள கவுந்து, முன்சீட்டுல கால் வைக்கிற எடத்துல தலைய விட்டு இழுத்துக்கிட்டு இருக்கா. பாதி கார் நடைபாதை மேல, பாதி ரோட்டு மேல. முன்னாடி சிமென்ட் குப்பைத்தொட்டி பொளந்து, உள்ள இருந்ததெல்லாம் வெளிய கெடக்கு. சுத்தி ஆளுங்க. "தண்ணி குடுங்க"ங்கறாங்க, "காத்து வர விடுங்க"ங்கறாங்க. சொல்றாங்களே ஒழிய ஒருத்தரும் நகரல.

குடையோட கைப்பிடி பிரேக் பெடலுக்கு அடியில ஆப்பு மாதிரி இறுகியிருக்கு. இழுத்தா வரல. திருகினா வரல. கை வேர்த்து வழுக்குது.

"என்ன பாப்பா தேடற?" முதுகுக்குப் பின்னால ஒரு குரல்.

"பை. அம்மாவோட பை."

"பை எங்கயும் ஓடிடாது. வெளிய வா மொதல்ல, அடிபட்டிருக்கான்னு பாப்போம்."

"வர்றேன் அங்கிள்."

ஒரு கையால பெடல மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கைப்பிடிய பக்கவாட்டுல தள்ளினா. டொக்குனு கழண்டு கைக்கு வந்துடுச்சு. யோசிக்கவே இல்ல. ஸ்கூல் பைய தொறந்தா, உள்ள போட்டா, ஜிப்ப இழுத்தா. அதுக்கப்புறம்தான் வெளிய வந்தா.

பக்கத்து சீட்டுல எதுக்கு பிரேக்குன்னு கேப்பீங்க. சுண்டுவோட அம்மா கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவ. அந்த மாதிரி கார்ல, ஓட்டறவங்க காலுக்கு ஒரு பிரேக், பக்கத்துல உக்காந்து சொல்லித்தர்றவங்க காலுக்கு ஒரு பிரேக். கத்துக்கறவங்க கால் தப்பு பண்ணா அம்மா கால் போய் சரி பண்ணும். பொழப்பே அந்த ஒரு கால்தான்.

டிரைவிங் ஸ்கூல்ல அம்மாவுக்கு வெச்ச பேரு குனி டீச்சர். மொத நாள் வர்றவங்க யாரையும் ஸ்டீயரிங்க தொட விடமாட்டா. "குனிங்க. காலுக்குக் கீழ என்ன கெடக்குன்னு பாருங்க"ம்பா. பெரிய பெரிய ஆபீசருங்களெல்லாம் தொப்பையப் பிடிச்சுக்கிட்டு குனிவாங்க. அப்புறம், காருக்குள்ள எது எங்க இருக்கணும்னு ஒரு பாடம் நடக்கும். டேஷ்போர்டு மேல ஒண்ணும் இருக்கக்கூடாது, பொம்மை கூட. கதவுல இருக்கற பையில துடைக்கிற துணி மட்டும். பின்கண்ணாடி ஓரத்துப் பலகையில டிஷ்யூ டப்பா வெச்சாலும் எடுக்கச் சொல்லுவா. எந்த மூடியத் தொறந்தாலும் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் மூடணும். "பிரேக் அடிச்சா கார்தான் நிக்கும். உள்ள இருக்கற சாமான் நிக்காது, அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும்"பா.

ஒருத்தர் கேட்டாராம், "டீச்சர், எம் பொண்டாட்டிய எங்க வெக்கிறது?"

அம்மா சிரிக்காம சொன்னாளாம், "பெல்ட் போட்டு வெச்சா எங்க வேணா வெக்கலாம் சார்."

இப்படி ஊரையே குனிய வெச்ச அம்மாவால இப்ப குனிய முடியாது. போன வருஷம் முட்டியில ஆபரேஷன். நடக்கலாம், உக்காரலாம், அமுக்கலாம், மடக்கிக் குனியறது மட்டும் ஆகாது. வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால காலைல அம்மா சீட்டுப் பக்கம் குனிஞ்சு பாக்கறது சுண்டுவோட வேல. பதினாறு வயசு முட்டி, எப்படி வேணா மடங்கும். மொத வகுப்பு முடியற எடம் அவ ஸ்கூல் வாசல்ங்கறதால அவளும் பின்சீட்டுல ஏறிக்குவா.

கார் இடிச்சதுக்கு முந்தின நாள் சாயந்தரம் மழை. வீட்டுக்கு வர்றப்ப அம்மா ஓட்ட, சுண்டு அம்மா எப்பவும் உக்கார்ற பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா. ஈர மடக்குக்குடைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம, சீட்டுக்கு அடியில இருக்கற டிராயர இழுத்து உள்ள திணிச்சா. அங்க எல் போர்டும் ஒரு துண்டும் மட்டும்தான் இருக்கணும். கைப்பிடி துருத்திக்கிட்டு நின்னுச்சு. குதிகாலால ஒரு தள்ளு. மூடின மாதிரி இருந்துச்சு. சத்தம் வந்துச்சா? அவ கேக்கல. கேக்கணும்னு தோணவும் இல்ல.

காலைல அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, "பாத்தியா?"ன்னா.

சுண்டு வாயில ஹேர்பின்னக் கடிச்சுக்கிட்டு கார் கண்ணாடியில தலை பாத்துக்கிட்டு இருந்தா. "பாத்துட்டேன்"ன்னா. தெனமும் பாக்கறா, தெனமும் ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் பாக்கலன்னா புதுசா என்ன மொளைச்சுடப் போவுது?

அன்னிக்கு ஓட்டினது மருந்துக்கடை அக்கா. மருந்துக்கடை அவங்களோடது, ராத்திரி எவ்ளோ கூட்டம் வந்தாலும் அசராம நிப்பாங்க. ஸ்டீயரிங் கைக்கு வந்துட்டா மட்டும் உள்ளங்கை நனஞ்சுடும். சிக்னலுக்கு சிக்னல் சடக்கு சடக்குனு பிரேக் போட்டாங்க. ஒவ்வொரு சடக்குக்கும் அந்த டிராயர் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்திருக்கும். சுண்டு காதுல பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

பஸ் ஸ்டாப்புகிட்ட திரும்பறப்ப அக்கா பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டாங்க. அம்மா கால் அவ பக்கத்து பிரேக்குக்குப் போச்சு. பாதியில நின்னுச்சு.

"எறங்கல"ன்னா அம்மா. கத்தல. தனக்குத்தானே சொல்லிக்கிட்ட மாதிரி.

அடுத்த நொடி அவ கை ஹேண்ட்பிரேக்க தூக்கிடுச்சு. கார் நடைபாதை மேல ஏறி, தொட்டிய ஒடச்சு நின்னுச்சு. பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்த ஒரு ஆள் செருப்ப விட்டுட்டு பெஞ்சு மேல தாவிட்டார். அவர் நின்ன எடத்துல ரெண்டு செருப்பு மட்டும் இருந்துச்சு. அதுல ஒண்ணு டயருக்கு அடியில.

*

மத்தியானம் டிரைவிங் ஸ்கூல் ஷெட்டுல மெக்கானிக் வண்டிய பாத்துட்டு எழுந்து கைய தொடச்சுக்கிட்டார். "ரெண்டு பிரேக்கும் கல்லு மாதிரி நிக்குது. வண்டி மேல குத்தம் இல்ல."

"கீழ ஏதாவது சிக்கியிருந்துச்சா?"ன்னு ஓனர் கேட்டார்.

"சுத்தமா இருந்துச்சு சார்."

அம்மா தலையாட்டினா. "அப்ப என் கால்தான்."

ஓனர் கெட்டவரா இருந்திருந்தா சுண்டுவுக்கு கொஞ்சம் ஈஸியா இருந்திருக்கும். அவர் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், டீ வரவழைச்சார். "கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்க மேடம். ஃபோன் எடுங்க. தலைக்கு மேல ஃபேன், கைக்குப் பக்கத்துல டீ. ஜாலியா இருக்கலாம்."

"ஜாலியா"ன்னு அம்மா திருப்பிச் சொன்னா. டீ மேல ஆடை கட்டற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தா.

சுண்டு பைய மடியில கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்தா. இப்ப சொல்லிடலாம்னு மூணு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. மூணு தடவையும் யாராவது பேச ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் பேசாம இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளான்னா, அது வேற.

சாயந்தரம் மருந்துக்கடை அக்கா வீட்டுக்கு வந்தாங்க. ஒடஞ்ச மூக்குக்கண்ணாடிய பிளாஸ்திரியால ஒட்டியிருந்தாங்க. கையில ஒரு பெரிய பை.

"என்னங்க இது, கடையவே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்க?"ன்னா அம்மா.

"முட்டிக்கு தைலம், வலிக்கு மாத்திர, வீக்கத்துக்கு சுத்தற பட்டை. எதுவும் வேணாம்னு சொல்லாதீங்க டீச்சர். எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்." அக்கா நாற்காலி நுனியில உக்காந்தாங்க. "எல்லாம் என்னாலதான். இனிமே நான் வண்டியத் தொட மாட்டேன். ஆட்டோக்காரங்களும் பொழைக்கணுமில்ல."

"நீங்க தப்பா மிதிப்பீங்கன்னு தெரிஞ்சுதான எனக்கும் ஒரு பிரேக் குடுத்து வெச்சிருக்காங்க. உங்க தப்பு கணக்குலயே வராது. என் காலு போகல, அதான் விஷயம். நீங்க வேற ஆள்கிட்ட கத்துக்கோங்க. விட்டுடாதீங்க."

அக்கா சட்டுனு நிமிந்தாங்க. "டீச்சர், கீழ ஏதாவது உருண்டு வந்திருக்குமோ? குனி குனின்னு எங்க உயிர எடுப்பீங்களே, அந்த மாதிரி?"

சுண்டு சமையல்கட்டு வாசல்ல தண்ணி சொம்போட நின்னா. 

"என் பக்கம் சுண்டு பாத்துட்டா"ன்னா அம்மா. "அவ பாத்துட்டேன்னா பாத்ததுதான். அதுல சந்தேகமே இல்ல."

அம்மா சொன்னதோட அர்த்தம் சுண்டுவுக்கு அப்பத்தான் உறைச்சுது. மகள நம்பறதாலதான் அம்மா தன் கால நம்பமாட்டேங்கறா. ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும். அம்மா யோசிக்காம பழிய தன் கால் மேலயே போட்டுட்டா.

*

சாப்பாடு முடிஞ்சதும் அம்மா எடை பாக்கற மெஷின எடுத்து சுவத்தோட சாச்சு நிக்க வெச்சா. எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து, மெஷின் மேல கால வெச்சு அமுக்கினா.

"எவ்ளோ காட்டுது பாரு."

"நாப்பத்தஞ்சு கிலோ."

"இப்ப?"

"அம்பது. அம்மா, போதும். முட்டி வலிக்கப் போவுது."

"ஒழுங்கா சொல்லு. எனக்காக ஏத்தி சொல்லாத."

"ஏத்தல. நீயே எட்டிப் பாரு."

அம்மா எட்டிப் பாத்தா. காலக் கீழ எறக்கி, அதையே முறைச்சுக்கிட்டு இருந்தா. "பிரேக்குக்கு இதுல பாதி போதும். காலு நல்லாத்தான் இருக்கு." நெத்தியத் தட்டிக்கிட்டு, "அப்ப மண்டதான் போலருக்கு. பயந்து உறைஞ்சு போயிட்டேன். முட்டின்னா தைலம் இருக்கு, பட்டை இருக்கு. இதுக்கு என்னத்தப் போட்டுத் தேய்க்கிறது?"

சிரிக்கத்தான் சொன்னா. சிரிப்பு பாதி வழியிலயே நின்னுடுச்சு.

சுண்டு உள்ள போனா. பைய எடுத்துட்டு வந்து அம்மா முன்னாடி தரையில உக்காந்து ஜிப்பத் தொறந்தா. ஜிப்பு ரெண்டு எடத்துல மாட்டிக்கிச்சு. குடைய எடுத்து அம்மா மடியில வெச்சா.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. கைப்பிடியில பெடல் ரப்பரோட கோடு வரிவரியா பதிஞ்சிருந்துச்சு. கட்டவிரலால அத தடவினா. ரப்பர் கோடு எப்படி இருக்கும்னு அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

"எங்க வெச்சிருந்த?"

"டிராயர்ல. நேத்து, மழையில."

"காலைல பாக்கல நீ."

"பாக்கல."

"அப்புறம் நீயே எடுத்து மறச்சுட்ட."

"ம்."

 திட்டுவான்னு சுண்டு தோளக் குறுக்கிக்கிட்டு காத்துக்கிட்டிருந்தா. அம்மா கால் விரல மட்டும் ஆட்டிப் பாத்தா, மடக்கிப் பாத்தா, நீட்டிப் பாத்தா. சண்டை போட்டுக்கிட்டுப் போன ஆள் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி அந்தக் காலப் பாத்தா. அதப் பாத்ததும்தான் சுண்டுவுக்கு அழுக பிச்சுக்கிட்டு வந்துச்சு. திட்டியிருந்தா வந்திருக்காது.

"மூக்கத் தொடச்சுக்கோ"ன்னா அம்மா. "ஓனருக்கு ஃபோன் போடறேன்."

"நான் பேசறேன்மா. என் தப்புதான."

"நீ வண்டியில வேலை பாக்கறியா, நான் பாக்கறேனா? என் பக்கத்த பாக்க வேண்டியது நான். என்னால குனிய முடியலன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா இந்த வேல, இந்த சீட்டு போயிடும்னு உன்னக் குனிய வெச்சேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, என் காலுக்குக் கீழ பாக்கறத ஒரு சின்னப் புள்ள கையில குடுத்தேன்."

"இப்ப சீட்டு போயிடுமா?"

"போனாலும் போகும். போகாமயும் இருக்கலாம். மொதல்ல மருந்துக்கடை அக்காவுக்கு சொல்லணும். பாவம், கண்ணாடிய ஒட்டிக்கிட்டு வந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போறாங்க."

ஃபோன கையில எடுத்தா. நம்பரத் தேடினா. அப்புறம் ஃபோன மடியில கவுத்து வெச்சுட்டா.

"சுண்டு. ஒண்ணு கேக்கறேன். கோவத்துல கேக்கல. எனக்கு நெஜமாவே தெரியல, அதனால கேக்கறேன்."

"கேளு."

"நாளைக்கே ஓனர் சீட்ட திருப்பிக் குடுத்தாலும் என் முட்டி மடங்கப் போறதில்ல. நீதான் பாக்கணும்."

"பாக்கறேன்மா. போட்டோ எடுத்துக் காட்டறேன். தெனமும். டிராயர், கதவு, பெடல், எல்லாத்தையும்."

"காட்டு. வண்டிக்கு அது போதும். நான் வண்டியப் பத்திக் கேக்கல." அம்மா குடைய சுண்டு கையிலயே திருப்பிக் குடுத்தா. "இன்னிக்கு காலைல 'பாத்துட்டேன்'ன. ஒரு எழுத்து கூடக் கொறச்சல் இல்லாம, எப்பவும் சொல்ற மாதிரியேதான் சொன்ன. இனிமே நெஜமாவே பாத்துட்டு வந்து சொல்லுவ, எனக்குத் தெரியும், சொல்லுவ. ஆனா காதுல விழறது அதே வார்த்ததான. இதுக்கும் அதுக்கும் நான் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"